240 கோடுகளா, 625 கோடுகளா: வீடியோ டெக்கில் பதிந்த படத்தின் தரத்தை ஒப்பிடுவது எப்படி

பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இறங்கியவர்கள் பேசிக்கொள்ளும்போது ஒரு கணக்கு தவறாமல் வந்துவிடுகிறது. "டிவி படத்தில் 625 கோடுகள், வி.எச்.எஸ். கேசட்டில் 240 கோடுகள்தான், பதிவு செய்த அன்றைக்கே பாதிக்கு மேல் போய்விட்டது" என்பார் ஒருவர். "எல்.பி. என்ற மெதுவான வேகத்தில் பதிந்திருந்தால் அதிலும் பாதி, 120 கோடுகள்" என்பார் அடுத்தவர். "மேம்பட்ட எஸ்-வி.எச்.எஸ். டெக் வாங்கியிருந்தால் நிறம் உட்பட எல்லாமே சரியாக இருந்திருக்கும்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். 625, 240 என்ற எண்கள் இரண்டும் சரியானவையே. ஆனால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதும், அதிலிருந்து பிறந்த மற்ற இரண்டு முடிவுகளும் தவறு.

இந்தக் குழப்பத்தால் உண்மையான இழப்பு ஏற்படுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். "எல்.பி.யில் பதிந்தது, மாற்றிப் பயனில்லை" என்று சொல்லி, வேறெங்கும் கிடைக்காத நிகழ்ச்சிகள் இருந்த கேசட்டுகளைக் குப்பையில் போட்டவர்களை நான் நேரில் அறிவேன். இந்தியாவிலும் இலங்கையிலும் வண்ண ஒளிபரப்பு பி.ஏ.எல். முறையில் நடந்ததால், இக்கட்டுரையில் வரும் எண்கள் அந்த முறைக்கு உரியவை. அமெரிக்கா, ஜப்பான் நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறைக்கு நாடாவின் வேகமும் கோடுகளின் எண்ணிக்கையும் வேறு.

ஒரே சொல், இரண்டு பொருள்

கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 25 கோடுகள் அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. அதில் கூர்மையான முனையுள்ள பேனாவால் எழுதினால் ஒரு வரியில் 40 எழுத்துகள் அடங்கும். தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் 15 எழுத்துகள் அடங்குவதே பெரிது. எந்தப் பேனாவால் எழுதினாலும் பக்கத்தில் உள்ள கோடுகள் 25தான். ஒவ்வொரு வரிக்குள்ளும் எவ்வளவு நுணுக்கம் அடங்குகிறது என்பது மட்டுமே பேனாவுக்குப் பேனா மாறுகிறது.

625 என்பது நோட்டில் அச்சடித்த கோடுகளைப் போன்றது. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மின்கற்றை ஒன்று இடமிருந்து வலமாகத் திரையைத் துடைத்தபடி மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு முழுப் படத்துக்கு அது 625 முறை ஓடுகிறது. அவற்றுள் படத்தைச் சுமப்பவை 576. இவற்றை அலகீட்டு வரிகள் என்று அழைப்போம். நொடிக்கு 25 படங்கள் வருகின்றன. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என இரண்டு அரைச் சட்டங்களாக அனுப்பப்படுவதால், நொடிக்கு 50 அரைச் சட்டங்கள். வீட்டு வீடியோ டெக் இந்த வரிகளில் ஒன்றைக்கூட விடுவதில்லை. கேசட்டில் பதிந்த படத்திலும் 576 வரிகள் இருக்கின்றன.

240 என்பது பேனாவின் முனையைப் பற்றியது. திரையில் கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய செங்குத்துப் பட்டைகளை நெருக்கமாக வரைந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகிவிடும். கலப்பதற்குச் சற்று முன்பு எத்தனை பட்டைகளைப் பிரித்துக் காண முடிகிறதோ அந்த எண்ணிக்கைதான் கிடைமட்டத் தெளிதிறன். கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாக எண்ணப்படும். படத்தின் முழு அகலத்துக்கும் எண்ணாமல், படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்துக்குள் எண்ணுவதே மரபு. ஆகவே 240 என்று சொல்லப்படும் படத்தில், 4:3 திரையின் முழு அகலத்துக்கும் சேர்த்து 320 பட்டைகள் இருக்கும்.

அப்படியானால் சரியான ஒப்பீடு எது? ஒளிபரப்பையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ஒளிபரப்புச் சிக்னலில் ஒரு மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வுகள்) அகலத்துக்கு ஏறத்தாழ 78 பட்டைகள் கிடைக்கும். நம் ஒளிபரப்பில் படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் இருந்தது; அதாவது சுமார் 390. வி.எச்.எஸ். கேசட்டில் 3 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கே இடம் உண்டு. அதாவது சுமார் 240. ஐந்தில் மூன்று பங்கு கிடைக்கிறது என்பதே உண்மை நிலவரம். அந்த இழப்பும் பக்கவாட்டில் மட்டுமே நேர்கிறது. மேலும் கீழுமாக எதுவும் குறைவதில்லை.

சுருங்கச் சொன்னால், 625 என்பது படத்தில் உள்ள வரிகள். 240 என்பது ஒரு வரிக்குள் அடங்கும் நுணுக்கம். முன்னது எல்லா டெக்குகளிலும் ஒன்றுதான். ஒப்பிட வேண்டியது பின்னதை.

நாடாவில் படம் எப்படி அமர்கிறது

வாழைக்காயை நேராகக் குறுக்கே நறுக்கினால் சிறு வட்டங்கள் கிடைக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து நறுக்கினால் அதே காயில் நீண்ட வில்லைகள் கிடைக்கும். வீடியோ டெக்கின் சூட்சுமம் இந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

பாட்டு கேசட்டில் நாடா நகர்கிறது, அதில் எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட் அசையாமல் நிற்கிறது. ஒலிக்கு அது போதும். படத்தின் சிக்னலோ ஒலியைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக அதிர்வது. அதை எழுத நாடாவுக்கும் ஹெட்டுக்கும் இடையே நொடிக்குச் சில மீட்டர் வேகம் தேவை. ஹெட் நின்ற இடத்திலேயே நிற்க, நாடாவை மட்டும் அந்த வேகத்தில் ஓட்டினால் மூன்று மணி நேரப் பதிவுக்கு 52 கிலோமீட்டர் நாடா வேண்டியிருக்கும். எழும்பூரிலிருந்து கிட்டத்தட்ட செங்கல்பட்டு வரைக்கும் விரிக்கலாம். ஆனால் மூன்று மணி நேரம் ஓடும் இ-180 கேசட்டுக்குள் இருப்பது 260 மீட்டருக்கும் குறைவான நாடா.

டெக்கின் மேல்மூடியைக் கழற்றியவர்களுக்குப் பளபளவென்று சற்றே சாய்ந்து நிற்கும் உலோக உருளை ஒன்று நினைவிருக்கும். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த ஹெட் உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு சிறிய ஹெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. நாடா நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் என்ற மெதுவான வேகத்தில் உருளையைச் சாய்வாகச் சுற்றிக் கடக்க, ஹெட்டுகள் அதன்மேல் நொடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் உரசிச் செல்கின்றன. இதுவே எழுதும் வேகம். ஹெட் ஒருமுறை கடக்கும்போது, அரை அங்குல அகலமே உள்ள நாடாவில் சுமார் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு சாய்ந்த தடம் விழுகிறது. ஒரு தடம், ஓர் அரைச் சட்டம். தடத்தின் அகலம் 49 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனை ஒத்தது.

எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. படத்தின் வெளிச்ச ஏற்றத்தாழ்வை அப்படியே வலுவான காந்தம், வலுக்குறைந்த காந்தம் என்று பதிந்தால், நாடாவில் படியும் சிறு தூசி கூடப் படத்தை மங்கச் செய்துவிடும். அதனால் வெளிச்சம் கூடக்கூட அதிர்வு வேகமாகும் வகையில் பதிகிறார்கள். தொலைவில் அடிக்கும் பறையின் ஓசை காற்றில் ஏறி இறங்கினாலும், எத்தனை அடி விழுகிறது என்று நம்மால் எண்ணிவிட முடிகிறதல்லவா? அதே போல, நாடாவிலிருந்து வரும் சிக்னல் வலுக்குறைந்தாலும் எண்ணிக்கை தப்பாத வரையில் படம் நிற்கும். அதிர்வெண் பண்பேற்றம் என்பது இதுதான், எஃப்.எம். வானொலியில் நிகழ்வதும் இதுவே. வி.எச்.எஸ்.ஸில் இந்த அதிர்வு 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும். இந்த எல்லைக்குள் நிற்க வேண்டியிருப்பதால்தான் படத்தின் நுணுக்கம் 3 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடுகிறது.

நிறம்: உண்மையில் அதிகம் போவது இங்கேதான்

240 என்ற எண்ணைப் பற்றி இத்தனை பேர் வாதிடுகிறார்கள். நிறத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்பவர் குறைவு. வி.எச்.எஸ். பதிவின் மிகப் பெரிய இழப்பு நிறத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

தொலைக்காட்சிச் சிக்னலில் வெளிச்சமும் நிறமும் தனித்தனிப் பகுதிகள். கறுப்பு வெள்ளைப் படத்தைத் தருவது ஒளிர்வுச் சிக்னல். அதன்மேல் வண்ணத்தைச் சேர்ப்பது நிறச் சிக்னல். மார்கழிக் காலையில் போடும் வண்ணக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் மெல்லிய மாவுக் கோடுகளால் உருவத்தை வரைந்து முடித்து, பிறகு வண்ணப் பொடியை விரல்களுக்கிடையே தூவி நிரப்புவார்கள். பொடி அங்குமிங்கும் கோட்டைத் தாண்டினாலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் உருவத்தைச் சொல்வது மாவுக் கோடு. நம் கண்ணும் வெளிச்சத்தின் நுணுக்கத்தைக் கூர்ந்து பார்க்கிறது, நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒளிபரப்பாளர்கள் இதை அறிந்தே நிறத்துக்குக் குறைந்த இடம் ஒதுக்கினார்கள்.

டெக் அந்தச் சலுகையை இன்னும் நெடுந்தூரம் இழுத்துச் செல்கிறது. ஒளிபரப்பில் 4.43 மெகாஹெர்ட்ஸில் அமர்ந்திருந்த நிறச் சிக்னலைக் கீழே இறக்கி, 0.627 மெகாஹெர்ட்ஸில், ஒளிர்வுச் சிக்னலுக்கு அடியில் கிடைக்கும் சிறு இடுக்கில் வைக்கிறது. இதற்கு நிறத் தாழ்த்தல் என்று பெயரிட்டுக்கொள்ளலாம். இதில் நிறத்துக்குக் கிடைக்கும் நுணுக்கம் சுமார் 40 பட்டைகள் மட்டுமே. 21 அங்குலத் திரையில் கணக்கிட்டால், ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்கு மாற ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர் தேவைப்படுகிறது.

எங்கள் வீட்டில் பதிந்த செய்தி அறிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது. செய்தி வாசிக்கும் அம்மையாரின் நெற்றியில் குங்குமப் பொட்டு. முகத்தின் விளிம்பும் கண்ணிமையும் தெளிவாகவே தெரிகின்றன. பொட்டின் கருமையான வட்டமும் ஓரளவு இருக்கிறது. ஆனால் அதன் சிவப்பு வட்டத்துக்குள் நிற்காமல் வலப்பக்கமாகக் கசிந்து, இளஞ்சிவப்புப் படலமாக நெற்றியில் பரவியிருக்கிறது. அவருடைய சிவப்பு ரவிக்கையின் ஓரமும் அப்படியே சேலையின் மேல் ஏறிக்கிடக்கிறது. கோடு நின்ற இடத்திலேயே நிற்க, பொடி மட்டும் சிந்திய கோலம் அது.

எஸ்.பி., எல்.பி.: பாதியாவது எது?

நாடாவின் வழக்கமான வேகம் எஸ்.பி. எல்.பி.யில் அந்த வேகம் பாதியாகிறது, நொடிக்கு 11.70 மில்லிமீட்டர். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் பதியலாம். வேகம் பாதியானால் தெளிதிறனும் பாதியாகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் எழுதும் வேகத்தைத் தீர்மானிப்பது சுழலும் உருளை, நாடாவின் நகர்வு அன்று. நொடிக்கு 4.85 மீட்டர் ஓடும் இடத்தில் 12 மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. எனவே எல்.பி.யிலும் தெளிதிறன் 240-ஐ ஒட்டியே இருக்கிறது.

பாதியாவது தடத்தின் அகலம். நாடா மெதுவாக நகர்வதால் தடங்கள் நெருங்கி விழுகின்றன. ஒவ்வொன்றும் 25 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிலம் சுருங்கினால் விளைச்சல் குறைவது போல, குறுகிய தடத்திலிருந்து ஹெட்டுக்குக் கிடைக்கும் சிக்னல் குறைகிறது. ஆனால் நாடாவுக்கே உரிய இரைச்சல், அதாவது படத்தோடு தொடர்பில்லாத தாறுமாறான அதிர்வு, அந்த அளவுக்குக் குறைவதில்லை. விளைவாக, இருண்ட காட்சிகளிலும் ஒரே நிறமான பரப்புகளிலும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடுகின்றன. பக்கத்துத் தடத்தின் சிக்னல் கலந்துவிடும் ஆபத்தும் மிகுதி. அதைத் தடுக்கவே இரண்டு ஹெட்டுகளின் முனையிலும் உள்ள எழுதும் பிளவுகளை எதிரெதிர்த் திசைகளில் 6 பாகை சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

எல்.பி.யில் உண்மையாகவே அடிபடுவது ஒலி. பழைய டெக்குகளில் ஒலி, நாடாவின் விளிம்பில் அசையாத ஹெட்டால் எழுதப்பட்டது. அங்கே எழுதும் வேகமும் நாடாவின் வேகமும் ஒன்றே. அது பாதியாகும்போது "ச", "ஸ" போன்ற கூரிய ஒலிகள் மழுங்கி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலாகிவிடும். ஒலியையும் உருளையில் உள்ள ஹெட்டுகளால் எழுதும் ஹை-ஃபை டெக்குகளுக்கு இந்தக் குறை இல்லை.

இதுவரை பார்த்ததில் படத்துக்கு மூன்று வெவ்வேறு இழப்புகள் இருக்கின்றன: ஒளிர்வின் நுணுக்கம், நிறத்தின் நுணுக்கம், இரைச்சல். எல்.பி. கூட்டுவது மூன்றாவதை. கேசட்டைத் தூக்கி எறிய அது காரணமாகாது.

பீட்டாமேக்ஸும் எஸ்-வி.எச்.எஸ்.ஸும்

வி.எச்.எஸ்.ஸுக்குப் போட்டியாக இருந்த கேசட் முறையான சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-இல் வந்தது, ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-இல் ஜப்பானில் வந்தது. பீட்டாவின் உருளை பெரியது. அதனால் அதன் எழுதும் வேகம் நொடிக்கு 5.83 மீட்டர். அதற்குரிய நன்மை அதற்கு உண்டு. ஆனால் வீட்டுத் திரையில் தெரியும் வேறுபாடு சிறியது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பதிவு நேரத்தைக் கூட்டப் பீட்டாவின் நாடா வேகத்தைப் பாதியாக்கியபோது அது இன்னும் குறைந்தது. பீட்டா படத்தைத் தொட முடியாத உயரத்தில் வைத்துப் பேசுவது மிகை.

1987-இல் வந்த எஸ்-வி.எச்.எஸ். கூடுதல் கவனத்துக்கு உரியது. மேம்பட்ட நாடாவைக் கொண்டு, ஒளிர்வின் அதிர்வெண்ணை 5.4 முதல் 7 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தினார்கள். கிடைமட்டத் தெளிதிறன் 400 ஆனது. ஒளிபரப்பு தருவது சுமார் 390 என்பதால், வந்ததை ஏறக்குறைய முழுதாகவே பிடித்துவைக்க இது போதும். நிறமோ இருந்த இடத்திலேயே இருந்தது, அதே 0.627 மெகாஹெர்ட்ஸ், அதே சிறு இடுக்கு. எனவே எஸ்-வி.எச்.எஸ். பதிவில் சேலையின் ஜரிகை இழை இழையாகத் தெரியும், ஆனால் குங்குமத்தின் சிவப்பு முன்பு போலவே கசியும். ஆன்டெனாவில் வரும்போதே புள்ளியாக வந்த படத்தை எந்த டெக்காலும் தெளிவாக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படியிலிருந்து படி எடுத்தால்

கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுக்கும்போது இந்த இழப்புகள் அனைத்தும் மீண்டும் ஒருமுறை நேர்கின்றன. ஏற்கெனவே மழுங்கியது மேலும் மழுங்குகிறது, முதல் நாடாவின் இரைச்சலோடு இரண்டாவதன் இரைச்சலும் சேர்கிறது, நிறம் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்கிறது. வாடகைக்கு எடுத்துப் பார்த்த படக் கேசட்டுகள் பல, பிரதியின் பிரதியாகவே நம் கைக்கு வந்தன. வி.எச்.எஸ்.ஸைப் பற்றிப் பலர் மனத்தில் பதிந்திருக்கும் தாழ்வான எண்ணம் அந்தப் பிரதிகளைப் பார்த்து வந்ததே. ஒளிபரப்பிலிருந்து நேரடியாக எஸ்.பி.யில் பதிந்த முதல் கேசட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

டி.வி.டி. ரெக்கார்டர்: கணக்கு வேறு

பின்னர் வந்த டி.வி.டி. ரெக்கார்டர்களிலும் எஸ்.பி., எல்.பி. என்ற பெயர்கள் தொடர்ந்தன. பெயர் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. அங்கே படம் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கி எழுதப்படுகிறது. 4.7 ஜிகாபைட் வட்டில் ஒரு மணி நேரம் பதிந்தால் நொடிக்குச் சுமார் 10 மெகாபிட் கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 5. நான்கு மணி நேரத்துக்கு இரண்டரை. இதை பிட் வீதம் என்பார்கள். இந்தப் படியளப்பு போதாதபோது படம் சதுரம் சதுரமாக உடைகிறது. பல கருவிகள் நான்கு மணி நேர முறையில் ஒரு வரிக்கு 720 புள்ளிகள் இருந்த இடத்தில் 352 மட்டுமே எழுதுகின்றன, அதாவது "எல்.பி.யில் தெளிதிறன் பாதி" என்ற பேச்சு இங்கேதான் பொருந்தும்.

வேறொரு முக்கிய வேறுபாடும் உண்டு. நாடாவில் இழப்பு எல்லாக் காட்சிக்கும் ஒரே அளவு. வட்டில் அது காட்சியைப் பொறுத்தது: அசையாமல் அமர்ந்து செய்தி வாசிப்பவர் குறைந்த பிட் வீதத்திலும் நன்றாகவே இருப்பார், அதே வீதத்தில் கிரிக்கெட் பந்து எல்லையை நோக்கி ஓடும்போது, கேமரா திரும்பும் வேகத்தில் பின்னால் இருக்கும் கூட்டம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஆகவே செய்தியைப் பதிந்து பார்த்து வட்டுக் கருவியை மதிப்பிடக் கூடாது.

ஒப்பிடும்போது நிகழும் தவறுகள்

முதல் தவறு, பதிவு நடக்கும்போதே திரையைப் பார்த்துத் தரத்தைத் தீர்மானிப்பது. அப்போது நாம் காண்பது டெக்கின் மின்சுற்றுகள் வழியாகக் கடந்து வரும் ஒளிபரப்பை. நாடாவிலிருந்து வரும் படத்தை அன்று. நாடாவைத் திருப்பி ஓட்டிப் பார்க்கும் வரை எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது, படத்தை நிறுத்திவைத்துப் புகைப்படம் எடுத்து ஒப்பிடுவது. இதை மிகப் பலர் செய்கிறார்கள். நாடா நின்றுவிட்டால் ஹெட் ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. ஒரு தடத்தில் இருப்பது ஓர் அரைச் சட்டமே என்று மேலே பார்த்தோம். ஆகவே நிறுத்திய படத்தில் 576 வரிகளுக்குப் பதில் 288 மட்டுமே தெரியும். ஓடும்போது ஒரு படத்தின் இரைச்சலை அடுத்தடுத்த படங்களோடு சேர்த்துக் கண் சமன் செய்துகொள்ளும். நிறுத்திவிட்டால் அந்த உதவியும் போய்விடும்.

மூன்றாவது, கூர்மைக் குமிழால் ஏமாறுவது. அதைத் திருகினால் உருவங்களின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கரை தோன்றும், படம் பளிச்சென்று ஆனதாகத் தெரியும். இல்லாத நுணுக்கம் அதனால் வருவதில்லை. சோதிக்க எளிய வழி, நெல் வயல் அல்லது தலைமுடி போன்ற நுண்ணிய பரப்பைப் பார்ப்பது: உண்மையான தெளிதிறன் கூடியிருந்தால் இழைகள் பிரியும், குமிழின் வேலை மட்டும் என்றால் இரைச்சலும் சேர்ந்து பளிச்சிடும்.

இரண்டு டெக்குகளைச் சரியாக ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே நிகழ்ச்சியின் ஒரே பகுதியை, ஒரே தயாரிப்பின் இரண்டு புதிய கேசட்டுகளில், ஒரே வேகத்தில் பதிந்து, ஒரே டிவியில் ஒரே வகைக் கேபிளால் இணைத்துப் பார்க்க வேண்டும். ஆன்டெனா துளை வழியாக ஒன்றையும் ஏ.வி. கம்பி வழியாக இன்னொன்றையும் இணைத்தால், ஒப்பிடப்படுவது கம்பிதான். ஒவ்வொரு கேசட்டையும் பதிந்த டெக்கிலும் ஒருமுறை, மற்றதிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பதிந்த டெக்கில் மட்டும் நன்றாக ஓடி மற்றதில் கீற்று விழுந்தால், பதிந்த டெக்கின் தடங்கள் அளவிலிருந்து விலகி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய கேசட்டாக இருந்தால் முதல் சில நிமிடங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கி உரசிய இடம் என்பதால், நாடாவின் தொடக்கப் பகுதிதான் மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்திருக்கும்.